முதல் வெளிநாட்டுப் பயணம்: சேரிப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. காமயகவுண்டன்பட்டி போன்ற ஊர்களின் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து, கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து திரும்பும் இந்தத் தாய்மார்கள், தம் மகளோ மகனோ இங்கிலாந்துக்குத் தனியே படிக்கப் போவதாகச் சொன்னதும் கலங்கிப்போகிறார்கள். அவர்களது அச்சம் தொலைவைப் பற்றியது அல்ல. பணம் நின்றுபோனால் யாரைக் கேட்பது, அங்கே நம்மவர் யார் இருக்கிறார், பிள்ளையை ‘நீ யார்’ என்று கேட்டால் என்ன சொல்வது என்பவையே அவர்களது கேள்விகள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கான வழிகாட்டிகள் பெட்டியில் என்ன வைப்பது என்றுதான் பெரும்பாலும் தொடங்குகின்றன. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் விமானம் ஏறியிருக்கும் வீடுகளுக்கு அது போதும். சேரியிலிருந்து முதன்முதலாகப் புறப்படும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுவது கடைசி வாரத்து வேலை. அதற்கான ஆயத்தம் குறைந்தது ஈராண்டுகளுக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்திலும், பல நேரங்களில் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் தொடங்கவேண்டியிருக்கிறது. வழக்கறிஞர்களாகிய நாங்கள் இக்கட்டுரையில் அந்தப் பகுதியையே விரிவாகப் பேசுகிறோம்.

1913இல் புறப்பட்டவர்

நம் மக்களில் தனியே கடல் கடந்து படித்தவர்களில் அனைவரும் அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1913ஆம் ஆண்டு பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே ஆண்டு ஜூலையில், 22 வயதில், அவர் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு, காலம் மூன்றாண்டு. படித்துத் திரும்பியபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். அந்தச் சிறு தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார்.

இந்த வரலாற்றில் மாணவர்கள் கவனிக்கவேண்டியது உதவித்தொகை நின்ற இடம். 1916இல் இலண்டன் சென்றவர், படிப்பு முடியும் முன்பே 1917இல் திரும்ப நேர்ந்தது. ஆனால் நான்காண்டுக்குள் வந்து படிப்பைத் தொடர்வதற்கான அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டே கப்பல் ஏறினார். பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நாவல் பதேனாவிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். பணம் நின்றால் படிப்பை எப்படி இடைநிறுத்துவது, எந்த விதியின்கீழ் திரும்பச் சேர்வது என்பதைப் புறப்படும் முன்பே பல்கலைக்கழகத்தின் விதிநூலில் படித்துவைப்பது இன்றும் தேவைப்படுகிறது.

பெயரும் கடவுச்சீட்டும்

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அதனால் நமக்குப் பெயரும் முன்னெழுத்தும் மட்டுமே உண்டு. இந்தப் பெருமைக்குரிய வழக்கம், குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும் படிவத்தின் முன் வந்து சிக்கிக்கொள்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழர்கள் பலர் திகைத்தார்கள். ஆகவே முன்னெழுத்தை விரித்து, தந்தை அல்லது தாயின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகிய அனைத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் திருத்தவேண்டியவற்றைத் திருத்திவிட்டு அதன்பின் விண்ணப்பியுங்கள்.

தேனி மாவட்டம் மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. வயதுவந்தோருக்கு 36 பக்கச் சீட்டின் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். காவல்துறை விசாரணைக்கெனத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. வீடு தேடி வரும் காவலருக்கு ‘தேநீர்ச் செலவு’ கொடுத்தே ஆகவேண்டும் என்று ஊரில் சொன்னால் நம்பாதீர்கள்.

வழக்கு இருந்தால் என்ன செய்வது?

எங்களிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுதான். சேரி தாக்கப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தால், தாக்கியவர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்புகார் வருவது வாடிக்கை. அதில் கல்லூரியில் படிக்கும் பையன்களின் பெயர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதும் வாடிக்கை. ‘வழக்கு விழுந்துவிட்டது, இனி வெளிநாட்டுக் கனவு அவ்வளவுதான்’ என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். புகாரைத் திரும்பப் பெறச் செய்வதற்கான மிரட்டலாகவும் இதே அச்சம் பயன்படுகிறது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பிறகே கடவுச்சீட்டுச் சட்டம், 1967 இயற்றப்பட்டது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கு அந்த உரிமையை மேலும் உறுதிப்படுத்தியது. கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்கலாம் என்கிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகி, புலன்விசாரணை நடந்துகொண்டிருந்தால் அது ‘நீதிமன்றத்தில் நிலுவை’ ஆகாது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் ஏற்ற பிறகே இப்பிரிவு பொருந்தும் என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 2019 அக்டோபர் குறிப்பாணையும் தெளிவுபடுத்துகிறது. அமைதி காப்பதற்கான நன்னடத்தைப் பிணை நடவடிக்கைகளும் ஒரு குற்றம் குறித்த வழக்கு ஆகா.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் அதை ஏற்றிருந்தாலும் வழி இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 25ஆம் நாளிட்ட 570(இ) அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுச் செய்து வெளிநாடு செல்ல அனுமதி பெற்றால் கடவுச்சீட்டு கிடைக்கும். நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்கு அது செல்லும்; காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் ஓராண்டு செல்லும். அம்மனுவில் சேர்க்கைக் கடிதம், உதவித்தொகை ஆணை, படிப்பு தொடங்கும் நாள் ஆகியவற்றை இணைக்கவேண்டும். பொய் வழக்கு என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பின், அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகலாம். இவற்றுக்கெல்லாம் மாதங்கள் ஆகும். ஈராண்டு முன்பே தொடங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நிலுவை வழக்கை விண்ணப்பத்தில் மறைப்பது 12ஆம் பிரிவின்கீழ் ஈராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எதிர்ப்புகார் பொய்யாகவே இருக்கலாம். ஆனால் மறைத்த குற்றம் உண்மையாகிவிடும்.

புறப்படும் பிள்ளை குற்றஞ்சாட்டப்பட்டவராக இல்லாமல், வன்கொடுமை வழக்கின் புகார்தாரராகவோ சாட்சியாகவோ இருக்கலாம். சாட்சி நாட்டைவிட்டுப் போனால் வழக்கு நீர்த்துவிடும் என்று எதிர்த்தரப்பு காத்திருக்கும். சாட்சிக்குப் பயணத் தடை எதுவும் இல்லை. எனினும் புறப்படும் முன், அரசுச் சிறப்பு வழக்கறிஞர் வழியாகச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதைத் தெரிவித்து, சாட்சியத்தை முன்கூட்டியோ காணொலி வழியாகவோ பதிவுசெய்யக் கோருங்கள். 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் தந்துள்ள உரிமைகளை அம்மனுவில் எடுத்துக்காட்டலாம்.

உதவித்தொகை

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954–55 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. பெண்களுக்கு 30 விழுக்காடு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும், வயது 35க்குள். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசா, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு, வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 15,400 அமெரிக்க டாலரும், பிரிட்டனுக்கு 9,900 பவுண்டும் தரப்படுகின்றன. நூற்றி நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு 125 இடங்கள் என்பதை நாம் சலுகை என்று சொல்லமாட்டோம்.

2022இல் இதன் நெறிமுறைகள் மாற்றப்பட்டன. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகள் விலக்கப்பட்டன. அதாவது, சாதியை ஆராய விரும்பும் மாணவருக்கு இக்கதவு மூடப்பட்டது. 2025 ஜூலையிலோ, தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் தரப்பட்டு, மீதிப் பேருக்கு நிதி இருந்தால் தரப்படும் என்று சொல்லப்பட்டது நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. எனவே தேர்வுப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக வேலையை விட்டுவிடாதீர்கள். ஆடுமாட்டையோ நிலத்தையோ விற்று அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு தனிப் பொருள் உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக, கிறித்தவத்தைத் தழுவிய தலித்துகள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. ஆகவே ஒன்றிய அரசின் அந்த 115 இடங்கள் அவர்களுக்கு இல்லை. மாநிலத் திட்டமோ கிறித்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்துக்கொள்கிறது. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கத்து மாணவர்கள் எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாமல் ஓராண்டை இழக்கவேண்டியதில்லை.

தனியே செல்லப் பழகுதல்

விசா நேர்காணலுக்கும் கைரேகைப் பதிவுக்கும் சென்னை செல்லவேண்டியிருக்கும். அப்போது அண்ணனையோ சித்தப்பாவையோ உடன் அனுப்பாதீர்கள். பிள்ளையே பயணச்சீட்டு எடுத்து, போடியில் ரயில் ஏறி, சென்னையில் விடுதி பிடித்து, கோப்பைத் தானே ஏந்திச் சென்று திரும்பட்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவோருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும் என்பதால் இரண்டு பயணங்கள்கூட ஆகலாம்.

உதவித்தொகையின் முதல் தவணை வரத் தாமதமாகலாம். இரண்டு மாத வாடகைக்கும் உணவுக்கும் கையிருப்பு இன்றிப் புறப்படக்கூடாது. உடைமைக் காப்பீட்டை வீண்செலவு என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளலாம்: 1917இல் அம்பேத்கரின் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டபோது, அதற்கு ஈடாகக் கிடைத்த தொகையில்தான் அவர் பரோடாவுக்கே பயணம் செய்தார்.

படிக்கப் போகாமல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். சுற்றுலா விசாவில் வேலை என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் அணுகுங்கள்.

சாதி அங்கே என்ன செய்யும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்தியாவின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அந்நிய மண்ணில் அந்நாட்டுச் சட்டமே துணை. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தன. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சட்டமே இயற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னிய மாநில மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்ப்பதாக 2013இல் ஏற்றுக்கொண்ட அரசு, 2018இல் பின்வாங்கியது. ஆயினும் திர்க்கி வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதி ‘இனத் தோற்றம்’ என்பதற்குள் அடங்கக்கூடும் என்று 2014இல் கூறியது. பீகாரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு ஓர் இந்திய வீட்டில் பணிபுரிந்த ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கு அது. அவரது கடவுச்சீட்டு அவர் கையில் இல்லை. 2015இல் அவருக்குச் சேரவேண்டிய ஊதியமாக ஏறத்தாழ 1,84,000 பவுண்டு வழங்க ஆணையிடப்பட்டது. கடவுச்சீட்டை எவரிடமும், ‘பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று சொல்லும் நம்மூர்க்காரரிடமும்கூட, ஒப்படைக்கக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு இந்த வழக்கைச் சொல்லியே புரியவைக்கலாம்.

அறை பகிர்வதற்கான விளம்பரங்களில் ‘சைவம் மட்டும்’ என்றிருக்கும். தமிழ்ச் சங்க விழாவில் ‘சொந்த ஊர் எது?’ என்று தொடங்கி, ‘ஊரில் எந்தத் தெரு?’ என்பதில் முடியும் விசாரணை நடக்கும். பதில் சொல்வதா, பேச்சை மாற்றுவதா, நேருக்கு நேர் நிமிர்ந்து சொல்வதா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். பெற்றோரும் இயக்கத் தோழர்களும் இதில் கட்டளையிடக் கூடாது. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால் இழிவு நேர்ந்தால், நாள், நேரம், சொல்லப்பட்ட சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்துப் பல்கலைக்கழகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

விமானம் ஏறும் முன் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். துயருறும் இந்தியர்களுக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், சட்ட உதவி தருவதற்காக 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களிடம் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். அனைத்துச் சான்றிதழ்களின் நகல்களும் வீட்டில் ஒரு கோப்பிலும், ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் இருக்கட்டும். இலண்டன் செல்பவர்கள், 10 கிங் ஹென்றிஸ் சாலையில் அம்பேத்கர் மாணவராகத் தங்கியிருந்த வீட்டை முதல் வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள். மகாராட்டிர அரசு 2015இல் வாங்கி நினைவில்லமாக்கியிருக்கிறது. அங்கு வருகிறவர்களில் நம்மவர்களைச் சந்திக்கலாம்.