சாவி இருந்தும் ஓடாத வண்டி

ஒரு காரைத் திருடனிடமிருந்து காப்பாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கதவைப் பூட்டுவது. இன்னொன்று, கதவைத் திறந்துவிட்டாலும் வண்டி கிளம்பாதபடி செய்வது. இரண்டாவது வழியின் கதையைத் தேடிப் போனேன். அது என்னை 1942-ஆம் ஆண்டு ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், கொண்டுபோய் நிறுத்தியது. என் பெற்றோரின் ஊர் அது.

அப்போதைய ரங்கூனை நம்மில் பலருக்குத் தெரியாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மொகல் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. துறைமுகத்தில் சீனாவுக்குப் போகவேண்டிய அமெரிக்க லாரிகள் குவிந்து கிடந்தன.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. இரண்டரை மாதத்தில், 1942 மார்ச் 8 அன்று, ஜப்பானியப் படை நகரத்துக்குள் நுழைந்தது. அதற்குச் சற்று முன்பு ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: கொண்டுபோக முடியாத எதையும் எதிரிக்கு விடக்கூடாது. சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குத் தீ வைத்தார்கள். பாதி பூட்டியும் பூட்டாமலும் கிடந்த 900-க்கும் மேற்பட்ட லாரிகளையும் 5,000 டயர்களையும் அழித்தார்கள்.

நம் மக்களோ இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். கார் வைத்திருந்தவர்களும் சாலை முடிந்த இடத்தில் அதை விட்டுவிட்டு நடந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் நடந்த அந்தப் பாதையில் பல்லாயிரம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள்.

ஒரு வண்டியை முடக்க அதை எரிக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். 1940-இல், ஜெர்மன் படை வந்து இறங்கிவிடுமோ என்று பிரிட்டன் பயந்தது. ஆளில்லாமல் நிறுத்தும் வண்டிகளை ஓட்டமுடியாதபடி செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. பலர் செய்தது மிகச் சுலபமான வேலை. எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பகுதியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டர் என்ற சின்னத் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து மின்சாரத்தை அனுப்புவது அந்தத் துண்டுதான். அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது.

இன்று காரில் மறைத்துவைக்கும் 'கில் சுவிட்ச்' அந்த ரோட்டரின் பேரப்பிள்ளை. சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பியை வெட்டி, நடுவில் ஒரு ரிலேயை வைப்பார்கள். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். அதன் சுருளுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். ஆகவே மெல்லிய கம்பியை இழுத்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓரிடத்தில் சின்னப் பொத்தானை ஒளித்துவைக்கலாம். பொத்தானைப் போடாமல் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது. பெட்ரோல் பம்பின் கம்பியிலும் சிலர் இதை வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடும்போது ரிலே கெட்டால் நடுச்சாலையில் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் கம்பியில் வைத்தால் அந்த ஆபத்து இல்லை.

போருக்குப் பின் யாங்கோனில் வண்டி அருமைப்பொருள் ஆனது. போர்க்காலச் செவர்லே லாரிகளுக்கு மரத்தால் உடல் கட்டி, 2000-க்குப் பிறகும் பஸ்ஸாக ஓட்டினார்கள். இராணுவ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்ததால் பழைய கார்கூட யானை விலை. 2011-இல்தான், 40 ஆண்டு தாண்டிய வண்டியை ஒப்படைத்தால் வேறொன்றை இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது.

உங்கள் ஊரிலும் இந்தக் கதை முடியவில்லை. கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதுக் கார்களில் மின்னணுத் தடுப்பு கட்டாயம். இன்றைய திருடர்களோ வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வெளியே இருந்து பிடித்து, காருக்குக் கடத்துகிறார்கள். அந்தத் திருட்டுக்கும் பெயர் ரிலேதான்! அதனால்தான் பலர் மறுபடியும் ஒளித்துவைத்த பொத்தானுக்குத் திரும்புகிறார்கள். வீட்டில் அப்பா அம்மா இதைப் பற்றி யோசித்தால், வாரண்டியையும் காப்பீட்டையும் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். வேலையைத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.