‘இன்னும் கொஞ்ச நாள்தானே’: அமெரிக்க அதிபரின் இறுதிக்காலப் பதவி நீக்கமும் பொதுமக்கள் கருத்தும்

அமெரிக்க அதிபர் ஒருவரின் பதவிக்காலம் முடியும் தறுவாயில் அவர்மீது பதவி நீக்க நடவடிக்கை எடுக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், ‘இன்னும் கொஞ்ச நாள்தானே, போகட்டும்’ என்ற பதிலும் கூடவே எழுகிறது. இதைச் சொல்வது பொதுமக்களா, அவர்கள் பெயரால் பேசும் அரசியல்வாதிகளா? கிடைக்கும் சான்றுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், மக்கள் மனத்தில் நாட்கணக்குக்கு அவ்வளவு எடை இருந்ததாகத் தெரியவில்லை. அதை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் காங்கிரஸ் உறுப்பினர்கள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசியல் சாமர்த்தியமாக இருந்த இந்த வாதம், 2021இல் சட்டவாதமாகவே உருமாறியது.

நடைமுறையை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றச்சாட்டை நிறைவேற்றும். செனட் சபை விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் குற்றவாளி எனத் தீர்மானித்தால் அதிபர் பதவி இழப்பார். இனி எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று தடை விதிக்கவும் செனட்டுக்கு அதிகாரம் உண்டு. இந்த இரண்டாவது தண்டனை இருப்பதால்தான் ‘எப்படியும் போகப்போகிறார்’ என்ற வாதம் முழுமையடைவதில்லை.

அரசியல் சாசனத்தை வகுத்தவர்களிடையே இந்த விவாதம் 1787 ஜூலை 20 அன்றே நடந்துவிட்டது. தவறு செய்யும் அதிபரை மக்கள் மறுபடி தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுவார்கள், தனியாக ஒரு நடைமுறை எதற்கு என்று கவர்னீர் மோரிஸ் கேட்டார். பதவிக்காலத்துக்கு வரம்பு இருப்பது மட்டும் போதிய காப்பு ஆகாது என்றார் ஜேம்ஸ் மேடிசன். அன்றைய விவாதத்துக்குள்ளேயே மோரிஸ் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அவர் கைவிட்ட கருத்தைப் பின்வந்த தலைமுறைகள் கைவிடவில்லை.

கருத்துக் கணிப்புக்கு முன்

1860 மார்ச்சில், பதவிக்காலம் முடிய ஓராண்டு மட்டும் இருந்த ஜேம்ஸ் புக்கானன்மீது ஜான் கவோடு தலைமையில் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று விசாரணை தொடங்கியது. கான்சஸ் அடிமை முறைச் சாசனத்தை நிறைவேற்றக் கையூட்டும் அரசு அச்சு ஒப்பந்தங்களும் பயன்பட்டனவா என்பது கேள்வி. ஜூனில் அறிக்கை வந்தது. பதவி நீக்கம் வரவில்லை. அறிக்கையின் சுருக்கம் அந்த ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பிரசாரப் பிரசுரமானது. போகப்போகும் அதிபரைத் தண்டிப்பதைவிட அவருடைய கட்சியைத் தோற்கடிப்பதே லாபம் என்ற கணக்கு இங்கேயே தெளிவாகிவிடுகிறது.

ஆண்ட்ரூ ஜான்சன் வழக்கு சிக்கலானது. வாக்காளர் மனநிலையை அறிய அன்று கணிப்பு நிறுவனங்கள் இல்லை. மாநிலத் தேர்தல்கள், பத்திரிகைகள், தந்திகள் ஆகியவையே அளவுகோல். 1867 இலையுதிர்காலத்தில் ஒகையோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் குடியரசுக் கட்சி சரிவு கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜான்சன்மீதான முதல் தீர்மானம் 57க்கு 108 என்று தோற்றது. போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை அவர் நீக்கியதும் காற்று திரும்பியது. 1868 பிப்ரவரி 24 அன்று 126க்கு 47 வாக்கில் குற்றச்சாட்டு நிறைவேறியது. செனட் பார்வையாளர் மாடத்துக்கு நுழைவுச் சீட்டு அச்சடிக்கும் அளவுக்குக் கூட்டம்.

மே மாதம் தீர்ப்பு வந்தபோது ஜான்சனுக்கு ஏறத்தாழ பத்து மாதம்தான் மீதி. துணை அதிபர் இல்லாததால், அவர் நீங்கினால் அந்த இடம் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேடுக்குப் போகும். பெண்கள் வாக்குரிமைக்கும் உயர்ந்த சுங்க வரிக்கும் ஆதரவான வேடு, மிதவாதிகள் பலருக்கு ஜான்சனைவிடப் பெரிய தலைவலி. குடியரசுக் கட்சியின் கிராண்ட் அடுத்த அதிபர் ஆவது ஏறக்குறைய உறுதி என்றிருக்க, இடையில் பத்து மாதத்துக்கு வேடு எதற்கு? மே 16 அன்று 35க்கு 19; ஒரே ஒரு வாக்கு போதவில்லை. உடனே செனட் பத்து நாள் ஒத்திவைக்கப்பட்டது. கட்சியின் சிகாகோ மாநாட்டில் கிராண்ட் வேட்பாளரானார். 26ஆம் தேதி மீண்டும் கூடிக் குற்றச்சாட்டின் வேறு இரு பிரிவுகள்மீது வாக்கெடுத்தபோதும் அதே 35க்கு 19. நாட்கணக்கு இதில் வெளிப்படையான வாதமாக இல்லை. ஆனால் கணக்கின் அடியில் அதுதான் இருந்தது.

கான்சஸ் செனட்டர் எட்மண்ட் ராசுக்கு, லெவன்வொர்த் பத்திரிகையாளர் டேனியல் ஆந்தனியும் மற்றும் ஆயிரம் பேரும் என்று கையொப்பமிட்ட தந்தி வந்தது. சாட்சியங்களைக் கேட்டுவிட்ட கான்சஸ் தண்டனை கோருகிறது என்பது அதன் சாரம். பாரபட்சமின்றித் தீர்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன், இப்படிக் கோர உங்களுக்கு உரிமை இல்லை என்ற பொருளில் ராஸ் பதில் அனுப்பிவிட்டு விடுவிக்க வாக்களித்தார். ஜான் கென்னடியின் நூல் அவரை வீரராக்கியது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு தாராளமாக இல்லை: வழக்கு முடிந்த கையோடு தம் ஆட்களுக்குப் பதவி கேட்டு ஜான்சனையே அணுகியவர் அவர். தந்தியில் இருந்த ‘ஆயிரம் பேர்’ உண்மையில் எத்தனை பேர் என்பதும் நியாயமான சந்தேகம்தான்.

கணிப்பு எண்கள் வந்த பிறகு

1935இல் கேலப் நிறுவனம் கணிப்புகளைத் தொடங்கியபின் ஊகத்துக்குப் பதில் எண்கள் கிடைத்தன. அவை எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. 1952 பிப்ரவரியில் ட்ரூமனின் ஆதரவு 22 சதவீதம். மார்ச்சில் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றார். ஏப்ரலில் எஃகு ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுத்தார். சபையில் பதவி நீக்கத் தீர்மானங்கள் தாக்கலாயின. ஒன்றும் குழுவைத் தாண்டவில்லை. ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அவ்வளவில் பேச்சு அடங்கியது. ஆக, ஆதரவு சரிந்தால் மட்டும் பதவி நீக்கம் நடந்துவிடாது.

நிக்சன் மறுபக்கத்து உதாரணம். 1973 ஜூனில் அவர் நீங்க வேண்டும் என்றவர்கள் 19 சதவீதம். 1974 ஆகஸ்டு தொடக்கத்தில் 57. அவருக்கு இரண்டரை ஆண்டு மீதி இருந்ததால் ‘கொஞ்ச நாள்தானே’ என்று சொல்ல யாருக்கும் வழியில்லை.

இடையில் ஒரு திருத்தம் நிலைமையை மாற்றியிருந்தது. 1951இல் நடப்புக்கு வந்த 22ஆவது திருத்தம் ஒருவர் இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தடுத்தது. இதன்பின், இரண்டாம் முறை பதவியிலிருப்பவரை மக்கள் தேர்தலில் தண்டிப்பார்கள் என்ற மோரிஸின் பழைய வாதத்துக்கு அடிப்படையே இல்லை. ஆனாலும் அந்த வாதம் சாகவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஜார்ஜ் புஷ்ஷின் இரண்டாம் பதவிக்காலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. 2006 தேர்தலை ஒட்டியே, பதவி நீக்கம் தம் திட்டத்தில் இல்லை என்று பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சித் தலைவர் நான்சி பெலோசி அறிவித்துவிட்டார். மக்கள் அவ்வளவு தீர்மானமாக இல்லை. 2007 ஜூலையில் அமெரிக்கன் ரிசர்ச் குரூப் எடுத்த கணிப்பில், புஷ்மீது நடவடிக்கை தொடங்க வேண்டும் என்றவர்கள் 45 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 46. துணை அதிபர் செனி விஷயத்தில் ஆதரவு 54 சதவீதம். பதவிக்காலத்தில் ஒன்றரை ஆண்டு மீதி இருந்தபோது எடுத்த எண்கள் இவை.

வெர்மான்ட் மாநிலம் இதை வேறு வழியில் சொன்னது. ஆண்டுதோறும் மார்ச்சில் கூடும் ஊர்க்கூட்டங்களில், 2007இல் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் பதவி நீக்கம் கோரித் தீர்மானம் நிறைவேற்றின. மாநிலச் சட்டமன்றம் அனுப்பும் குற்றச்சாட்டுகளும் பதவி நீக்க நடவடிக்கையைத் தொடங்கிவைக்கலாம் என்று ஜெஃபர்சன் எழுதிய நடைமுறைக் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு. இயக்கத்தினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரலில் மாநில மேலவை 16க்கு 9 என்று இசைந்தது. சில நாளில் கீழவை மறுத்தது.

வாஷிங்டனில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் டெனிஸ் குசினிச் 2008 ஜூன் 9 அன்று புஷ்மீது 35 குற்றச்சாட்டுகளை மணிக்கணக்கில் சபையில் வாசித்தார். இரண்டு நாளில் அது 251க்கு 166 வாக்கில் நீதித்துறைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஓர் ஆவணத்தை மரியாதையாகப் புதைக்கக் குழுவைவிட நல்ல இடம் இல்லை. குழுத் தலைவர் ஜான் கான்யர்ஸ், 1974இல் நிக்சன்மீது வாக்களித்த அதே குழுவின் உறுப்பினர். 2005இல் புஷ்மீது பதவி நீக்கத்துக்கு முகாந்திரம் உண்டா என ஆராயத் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. அதிகாரம் கைக்கு வந்தபின் ஜூலை 25 அன்று ஒரு பொது விசாரணையோடு நிறுத்திக்கொண்டார். தேர்தலுக்கு நான்கு மாதம்கூட இல்லை. அக்டோபரில் புஷ்ஷின் ஆதரவு 25 சதவீதமாக இருந்தது. புக்கானன் காலத்துக் கணக்கு அப்படியே திரும்பியது: எதிராளி தானே மெலிந்துகொண்டிருக்கும்போது அவரை நீக்குவது கட்சிக்கு லாபமில்லை.

ஏழு நாள் மிச்சம்

2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கட்டடத் தாக்குதலுக்குப் பின், 13ஆம் தேதி பிரதிநிதிகள் சபை ட்ரம்ப்மீது 232க்கு 197 வாக்கில் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. ஏழு நாளில் பதவி முடிகிறது. நாட்கணக்கு மக்களுக்கு முக்கியம் என்றால் அது இங்கேதான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஜனவரி 8 முதல் 12 வரை ப்யூ மையம் எடுத்த கணிப்பில், கடைசிச் சில நாள்களுக்காவது ட்ரம்பை நீக்கித் துணை அதிபர் பென்சிடம் பொறுப்பைத் தருவதே நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 54 சதவீதம். அதே வாரம் ஏபிசி, வாஷிங்டன் போஸ்ட் கணிப்பில், காங்கிரஸ் அவரை நீக்கி மீண்டும் பதவி வகிக்கத் தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 56 சதவீதம். அவர் போனபின் கேலப் கேட்டபோதும் 52 சதவீதத்தினர் செனட் தண்டிக்க வேண்டும் என்றனர். வேண்டாம் என்றவர்கள் 45. ஒன்றரை ஆண்டு மிச்சமிருந்த புஷ்ஷுக்கு எதிராகத் திரளாத பெரும்பான்மை, ஏழு நாள் மிச்சமிருந்தவருக்கு எதிராகத் திரண்டது. குற்றச்சாட்டின் தன்மையும் கட்சிப் பற்றுமே மக்களை நகர்த்தின. பதவிக்காலத்தின் மீதியால் யாரும் பெரிதாக நகர்ந்ததாகத் தெரியவில்லை.

செனட்டில்தான் நாள்காட்டி பேசியது. ஜனவரி 19க்கு முன் சபையைக் கூட்டக் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் மறுத்தார். பதவி முடிந்தபின், முன்னாள் அதிபரை விசாரிக்க அதிகாரமே இல்லை என்ற வாதம் எழுந்தது. 1876இல் குற்றச்சாட்டுக்குச் சற்று முன் ராஜினாமா செய்த போர்த்துறை அமைச்சர் வில்லியம் பெல்க்நாப் வழக்கில், விசாரிக்கலாம் என்று செனட் 37க்கு 29 வாக்கில் முடிவு செய்திருந்தது. அவர் விடுதலையானதற்கும் அதிகாரம் இல்லை என்று பலர் கருதியது ஒரு காரணம். 2021 பிப்ரவரி 9 அன்று 56க்கு 44 என்று விசாரணை அனுமதிக்கப்பட்டது. 13ஆம் தேதி தண்டிக்க 57 வாக்கு, எதிராக 43, தேவை 67. விடுவிக்க வாக்களித்த மெக்கானல், உடனே எழுந்து தாக்குதலுக்கு ட்ரம்பே பொறுப்பு என்று பேசினார். தாமதம் செய்ததும் அவர். தாமதத்தைக் காரணமாகக் காட்டியதும் அவர்.

தேசியக் கணிப்பில் பெரும்பான்மை இருந்தும் பதினேழு குடியரசுக் கட்சி வாக்குகள் ஏன் சேரவில்லை என்பதற்குப் பதில் அடுத்த ஆண்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்களில் கிடைத்தது. பிரதிநிதிகள் சபையில் கட்சியை மீறிய பத்துக் குடியரசுக் கட்சியினரில் நால்வர் போட்டியிலிருந்தே விலகினர். லிஸ் செனி உட்பட நால்வர் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றனர். தப்பிய இருவரும், டேவிட் வாலடேயோவும் டான் நியூஹவுசும், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலத்தவர்கள். அங்கே முதற்கட்டத் தேர்தல் கட்சிக்குள் நடப்பதில்லை. எல்லா வாக்காளரும் ஒரே சீட்டில் வாக்களித்து முதல் இருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் முழுக் கவசம் அல்ல: வாஷிங்டனிலேயே ஜெய்மி ஹெரேரா பியூட்லர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். செனட்டில் தண்டிக்க வாக்களித்த ஏழு குடியரசுக் கட்சியினரில் 2022இல் வாக்காளரைச் சந்தித்தவர் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவர்தான். அலாஸ்கா அந்த ஆண்டுதான் கட்சி வரம்பில்லாத முதற்கட்டத் தேர்தலுக்கும் விருப்ப வரிசை வாக்குக்கும் மாறியிருந்தது. அவர் வென்றார்.