முறிந்த விவாகமும் இரு நியாய ஸ்தலங்களும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் கரையோரத்தில் முஸ்லிம்களே பெருந்தொகையினர். அவர்களுக்கும் இந்துத் தமிழருக்கும் நடுவே, கார்மேல் பாத்திமா கல்லூரியால் ஊரறிந்த கத்தோலிக்க சமூகம் சிறு தொகையாய் வாழ்ந்து வருகிறது. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் இக்கரையில் முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவானது. ஆதலின் தாம்பத்தியம் முறியும்போது படியிறங்கிப் போகிறவன் பெரும்பாலும் கணவனே. வழக்கம் இவ்வாறு ஒன்றாயினும், முறிவுக்குத் தீர்ப்புக் கூறும் நியாய ஸ்தலங்கள் மதத்துக்கு மதம் வேறாயின.

முஸ்லிம்களுக்கு விவாகம் ஓர் உடன்படிக்கை. ஆகவே தகுந்த காரணத்தால் அது கலைக்கப்படலாம். 1806இல் பிரிட்டிஷார் தொகுத்த முகம்மதியச் சட்டக்கோவை 1852இல் தீவு முழுமைக்கும் விரிக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 1937இல் அமுலாகி, முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதிமாரை நியமித்தது. அதன் இடத்தை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் பெற்றது. கணவன் தலாக் கூறி விவாகத்தை முறிக்கவும், மனைவி பஸஹ் என்னும் விவாகக் கலைப்பைக் காதியிடம் கோரவும், தீர்ப்பில் திருப்தியுறாதவர் காதிமார் சபைக்கு மேன்முறையீடு செய்யவும் அச்சட்டம் வழி வகுத்தது.

கத்தோலிக்கருக்கோ மெய்விவாகம் தேவதிரவிய அனுமானம். முறையாக நிறைவேறிய அப்பந்தத்தை அவிழ்க்கும் அதிகாரம் மனிதருக்கு இல்லை என்பது திருச்சபையின் போதனை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றம் விவாகரத்து வழங்கினாலும், திருச்சபையின் கண்ணில் அந்தப் பந்தம் நீடிக்கவே செய்கிறது. திருச்சபையின் மன்றம் ஆராய்வது பின்னர் நேர்ந்த பிணக்கையன்று, வாக்குக் கொடுத்த அந்த நாளையே: சம்மதம் சுயாதீனமாய் அளிக்கப்பட்டதா, வஞ்சனையோ பயமுறுத்தலோ இருந்ததா, தடை ஏதும் மறைக்கப்பட்டதா என்பனவே அதன் வினாக்கள். குறை நிரூபணமானால், அவ்விவாகம் ஆதியிலேயே செல்லாததெனத் தீர்ப்பாகும். அதனால் பிள்ளைகளின் உரிமைப் பிறப்புக்குக் களங்கம் நேர்வதில்லை.

1741இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர், இம்மன்றங்களில் விவாக பந்தத்துக்காக வாதிடும் பாதுகாவலரை நியமித்து, விவாகம் செல்லாதென ஒத்த இரு தீர்ப்புகள் கிடைத்தாலன்றி மறுவிவாகம் கூடாதென விதித்தார். பந்தத்தைக் காத்த அவ்விதி, அல்லலுற்றவரைக் காலதாமதத்தால் வாட்டவும் செய்தது. 1893இல் தோன்றிய திருகோணமலை மறைமாவட்டத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த இக்கரைக்கு ஆயரின் பீடமும் தொலைவிலேயே இருந்தது. 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாயிற்று; 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் இரண்டாம் தீர்ப்பின் கட்டாயத்தை நீக்கி, காரணம் தெளிவான வழக்குகளில் ஆயரே தீர்ப்பளிக்கும் சுருக்க முறையையும் ஏற்படுத்தினார்.

ஆயினும், தாம்பத்தியம் முறிந்ததும் ஞாயிறு பூசைக்கு வர நாணி வீட்டுக்குள் ஒடுங்குவோர் உண்டு. பிரிந்து வாழ்வது ஒருவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்குவதில்லை. மறுமணம் செய்யாதவருக்குப் பிரிவு ஒன்றே நற்கருணைக்குத் தடையுமன்று. தீர்ப்பின்றி மறுமணம் புரிந்தவருக்கும் கோவில் வாசல் திறந்தே இருக்கிறது. இதனைப் பங்குச் சுவாமிமார் பீடத்திலிருந்து தெளிவாய்ச் சொல்ல வேண்டும். பக்கத்து வாங்கில் அமர்பவர்களோ, வந்தவரை ஏனென்று கேளாமல் இடம்விட்டு அமர்த்திக்கொள்ள வேண்டும்.