மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டி

களுவாஞ்சிக்குடியில் நின்று வாவிக்கு அப்பால் படுவான்கரையை நோக்குவோர்க்குப் பொருளாதாரத் தடையின் துன்பம் புதிதன்று. அத்துன்பத்திற்கு யாழ்ப்பாணத்தார் கண்ட விடையொன்றை இன்று நினைவுகூர்வோம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் அங்கு கிட்டாப் பொருளாயிற்று. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் போன்ற பழைய சிறு வண்டிகளே கைகொடுத்தன. அவற்றின் இயந்திரம் அழுத்தம் குறைந்தது; ஆதலின் மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றது. ஆனால், குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே, காபரேற்றரில் காற்றுப் புகும் வாயிற் சில துளி பெற்றோலைச் சிறு போத்தலாற் பீய்ச்சி இயக்கினர். சூடேறியபின் மண்ணெண்ணெய் தொடர்ந்தது. புகை மண்டியது, எரியாத எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆயினும் நோயாளர் மருத்துவமனை சேர்ந்தனர்.

பட்டறைக் கைகள் படைத்த இவ்வரலாறு ஏட்டில் ஏறவேண்டும். அறிந்தோர் இன்னும் நம்மிடையே உளர்.