கஞ்சாவும் புகையிலையும்: ஒரு தோட்டத்து ஒப்பாய்வு

செஞ்சி வட்டத்து அனந்தபுரத்தில் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் புகையிலைச் செடி ஒன்றை வைத்தால் யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. அதே பாத்தியில் கஞ்சாச் செடி ஒன்றை வைத்தால், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அவர் மீது பாயும்: 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பயிரிட்டது ஒரு செடியா நூறா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. இரண்டு செடிகளுக்கும் நடுவே சட்டம் இவ்வளவு உயரமாக ஒரு வேலி போட்டிருக்கிறது. விதையிலும் வெயிலிலும் பூச்சியிடத்திலும் அந்த வேலிக்கு ஏதேனும் ஆதாரம் உண்டா? சட்டத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, செடிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

விதையில் இரண்டும் எதிரெதிர். புகையிலை விதை தூசுக்குச் சமம். ஒரு கிராமில் 10,000க்கும் மேல் இருக்கும். அதைப் புதைத்தால் முளைக்காது; மணலோடு கலந்து நாற்றங்காலின் மேல்மண்ணில் தூவி, வெளிச்சம் படவிட வேண்டும். கஞ்சா விதையோ கொட்டை வகை. தன் உணவைத் தானே சுமந்து வருவதால் மண்ணுக்குள் இருட்டிலேயே முளைவிடும். ஒன்று நாற்றாக வளர்ந்து இடம்பெயர்ந்து வாழப் பழகியது. மற்றொன்று விழுந்த இடத்தில் ஆணிவேர் இறக்கிவிடுவது. இந்த அளவோடு நிறுத்திவிட்டால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றே முடிவு கட்டிவிடலாம்.

ஆனால் பூக்கும் பருவத்தில்தான் வியப்பு காத்திருக்கிறது. பகலின் நீளத்தைக் கணக்கிட்டுச் செடிகள் பூக்கின்றன என்ற உண்மையை அறிவியலுக்குச் சொல்லிக்கொடுத்தவை இந்த இரண்டுமே. பிரான்சில் ஜூலியன் டூர்னுவா 1910களின் தொடக்கத்தில் கஞ்சாவையும் அதன் உறவான ஹாப் கொடியையும் வளர்த்தபோது, குறுகிய பகலில் அவை முந்திப் பூப்பதைக் கண்டார். முதல் உலகப் போர் அவர் உயிரையும் ஆய்வையும் சேர்த்தே முடித்துவிட்டது. அவர் விட்ட இடத்திலிருந்து கதையை நகர்த்தியது ஒரு புகையிலை. ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற அந்த ரகம் கோடை முழுவதும் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் அதை இருட்டறையில் வைத்துப் பகலைச் சுருக்கினார்கள், பூத்தது. 1920இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே ஒளிக்கால உணர்வு என்னும் துறைக்கு அடித்தளம். எல்லாப் புகையிலையும் அப்படி நாள் பார்ப்பதில்லை. கஞ்சா பெரும்பாலும் பார்க்கும். செஞ்சிப் பகுதியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. வடக்கே கோடையில் நெடிதுயரும் கஞ்சா ரகங்கள் இங்கே குட்டையாக நின்று முந்திப் பூத்துவிடுவதற்கு அதுவே காரணம்.

இதைவிட நெருக்கமான உறவு ஒன்று உண்டு: இரண்டையும் மனிதன் மலடாக்கியே பயன் கொள்கிறான். புகையிலையில் மொட்டு வந்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். பக்கத்தில் வெடிக்கும் கிளைகளையும் ஒடித்துவிடுவார்கள். காயம்பட்ட செடி நிக்கோட்டினைக் கூடுதலாக உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது. கஞ்சாவில் தலை தப்பிக்கிறது, துணை தப்புவதில்லை. பனையைப் போல அதற்கும் ஆண் வேறு, பெண் வேறு. பிரிட்டிஷ் காலத்து வங்காளத்தின் நவ்காவ் வட்டாரத்தில், ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் அவர்களைக் ‘கஞ்சா டாக்டர்கள்’ என்று குறித்திருக்கிறார்கள். மகரந்தம் கிடைக்காத பெண்பூ விதைகட்டாமல் பிசினைச் சுரந்துகொண்டே இருக்கும். ஒன்றில் இலைக்காகப் பூவைக் கொல்கிறோம்; மற்றொன்றில் பூவுக்காக விதையைத் தடுக்கிறோம்.

சரக்கு பிறக்கும் இடம் மட்டும் வேறு. நிக்கோட்டின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. புகையிலை வேர்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டினால் தக்காளி இலையிலும் நிக்கோட்டின் வந்துவிடும். கஞ்சாவின் பிசினோ பூவை ஒட்டிய சுரப்பிமயிரிலேயே பிறக்கிறது. சுரப்பிமயிர் புகையிலைக்கும் உண்டு. இலை ஒடிப்பவர் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும் பிசின் அதுதான். இமயமலை ஊர்களில் கஞ்சாப் பூவை உள்ளங்கையால் தேய்த்து அதே போன்ற பிசினைத் திரட்டிச் சரஸ் ஆக்குகிறார்கள். புகையிலைக் காட்டுத் தொழிலாளியோ தம் கையில் ஒட்டியதைக் கழுவித் தொலைக்க வழி தேடுகிறார்.

இந்தப் பிசினும் நஞ்சும் மனிதனுக்காக ஏற்பட்டவை அல்ல, பூச்சிக்காக. அவரைக் கொடியில் அசுவினி அப்பினால் புகையிலைக் கரைசலைத் தெளிப்பது பழைய வழக்கம். அரைக் கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 120 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் விட்டுத் தெளிக்கச் சொல்வார்கள். இயற்கை வழி என்பதால் இதைச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் ஏறும். அசுவினியைத் தின்னவரும் பொறிவண்டையும் விட்டுவைக்காது. என் தேர்வு வேப்பங்கொட்டைச் சாறுதான், நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ பருப்பு என்ற கணக்கில்.

பூச்சியைக் கொல்லும் செடிகளுக்குப் பூச்சித் தொல்லை இல்லையா என்றால், நிறையவே உண்டு. புகையிலைக்கென்றே நிக்கோட்டினைத் தாங்கப் பழகிய அசுவினி இனம் ஒன்று இருக்கிறது. வெண்டையைத் தாக்கும் அதே செம்பேன் கஞ்சாவிலும் வலைகட்டிச் சாறு உறிஞ்சுகிறது. புகையிலைப் பெயரைச் சுமக்கும் வெட்டுப்புழு, புகையிலையே இல்லாத செஞ்சி வட்டாரத்து மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லைகளிலும் இலையைச் சல்லடையாக்குகிறது. வரப்போரம் ஆமணக்கை நட்டு, தாய்ப்பூச்சியை அதில் முட்டையிடவைத்து, அந்த இலையோடு கிள்ளி அழிப்பதுதான் அதற்கு எளிய மருந்து.

ஆக, பாத்தியில் வேலி தென்படவில்லை. வரலாற்றில்தான் தென்படுகிறது, அதுவும் தலைகீழாக. கஞ்சா இந்த மண்ணின் பழைய குடி. புகையிலை போர்ச்சுகீசியரோடு வந்து இறங்கியது. அக்பர் அவைக்கு அதை அவருடைய தூதர் அசாத் பேக் கொண்டுபோனது பீஜப்பூரிலிருந்து, பின்னாளில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த அதே பீஜப்பூர். வந்தேறிக்கு 1617இல் ஜஹாங்கீர் தடை விதித்தார், தடை நிற்கவில்லை. பழைய குடிக்குப் பிரிட்டிஷ் அரசு உரிமமும் வரியும் விதித்தது. செஞ்சிக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் அப்போது அரசு அனுமதியோடு கஞ்சா விளைந்தது. அதை முற்றாகத் தடைசெய்ய வேண்டியதில்லை என்றே 1893-94இன் இந்தியக் கஞ்சா ஆணையம் பரிந்துரைத்தது. 1961இன் ஐ.நா. உடன்படிக்கை வந்த பிறகே நிலை மாறியது. மருத்துவத்துக்கல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது. அதற்குள் 1985இன் சட்டம் வந்துவிட்டது. புகையிலைக்கோ 1976இல் குண்டூரில் தனி வாரியமே அமைந்தது.

இதனால் கஞ்சா சாதுவான செடி என்று ஆகிவிடாது. வளரும் வயதில் அதைப் புகைப்பவர்களுக்கு மனநோய் அபாயம் கூடுகிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. ஆனால் இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணமாவது புகையிலை. வேலி தவறு என்றால், அது அடைத்த பக்கத்தைவிடத் திறந்துவிட்ட பக்கமே என்னை அதிகம் உறுத்துகிறது.

உணவுச் சட்டத்தில் இந்த வேலி ஏற்கெனவே இடம் மாறியிருக்கிறது. கஞ்சாச் செடியின் விதையையும் விதை எண்ணெயையும், போதைக்கூறின் அளவுக்கு வரம்பு விதித்து, உணவாக 2021 நவம்பரில் ஏற்றுக்கொண்டது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். புகையிலையையும் நிக்கோட்டினையும் எந்த உணவுப் பொருளிலும் சேர்க்கக் கூடாது என்பது அதே ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதி.