அடிபட்டவனே குற்றவாளியா?

பள்ளிக்கூடம் அறிவூட்டும் இடம் என்பர். அன்பும் அறமும் அங்கேதான் அரும்பும் என்பர். அந்தப் பள்ளியின் வாயிலிலேயே, மணி அடித்ததும், ஒரு சிறுவனைக் கூட்டமொன்று வளைத்துக் கொள்கிறது. சீண்டுகிறது, சிரிக்கிறது, பட்டப் பெயர் சொல்லிக் கூவுகிறது. நடுவே நிற்பவன் கண்மண் தெரியாமல் கையை வீசுகிறான்; அல்லது கதறி அழுகிறான். இரண்டில் எதைச் செய்தாலும் அவனுக்குக் காப்பில்லை. இது கற்பனைக் காட்சியன்று. 1944-ஆம் ஆண்டில், வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் அஸ்பெர்கர் தமது ஆய்வுரையிலே தீட்டிக் காட்டிய காட்சி!

அந்தச் சிறுவன் செய்த குற்றம் என்ன? எவர் பொருளையேனும் கவர்ந்தானா? எவரையேனும் ஏசினானா? இல்லை. மற்றவரைப்போல் அவன் இல்லை, அவ்வளவே!

1943-இல் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரிலே லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். மறு ஆண்டு அஸ்பெர்கர் எழுதினார். இருவரும் கண்டதை இன்று ஆட்டிசம் என்கிறோம். பிறர் முகக்குறிப்பையும், சொல்லாமற் சொல்லும் பொருளையும் எளிதில் உணர இயலாமை. ஒன்றிலே ஊன்றி நிற்கும் ஆர்வம். ஓசைக்கும் ஒளிக்கும் கூசும் புலன்கள். வழக்கம் மாறினால் வரும் தவிப்பு—இவை அதன் அடையாளங்கள். முன்வினைப் பயனன்று, தாய் தந்தையர் வளர்ப்பின் பிழையுமன்று. மூளை வளரும் முறையிலே அமைந்த வேறுபாடு.

கொடுமை செய்வோருக்கு இத்தகைய குழந்தை எளிய இரை. "வா, விளையாடலாம்" என்றால் வஞ்சனை அறியாமல் வருவான். எந்த ஓசை அவனைத் துடிக்க வைக்கும், எந்தச் சொல் அவனைக் கொதிக்க வைக்கும் என்பது கூட்டத்துக்குத் தெரியும். வெடிப்பான் என்று அறிந்தே திரியைக் கொளுத்துவர். ஆசிரியர் திரும்பிப் பார்க்கையில் அவர் கண்ணிலே படுவது வெடிப்பு. கொளுத்திய கை அன்று!

அதனால் நேர்ந்ததென்ன? அஸ்பெர்கரின் ஏடே சான்று. ஃப்ரிட்ஸ் என்ற 6 வயதுச் சிறுவன் 1939-இல் பள்ளியில் சேர்ந்தான். முதல் நாள் முடிவதற்குள், கற்பிக்க இயலாதவன் என்று முத்திரை குத்தப்பட்டான். ஹாரோ என்ற சிறுவன் சினம் மூண்டால் பல்லை நறநறவெனக் கடித்துப் பிறர்மீது பாய்ந்தான். பொல்லாத முரடன் என்று பள்ளி அவனை மருத்துவரிடம் அனுப்பிற்று. வேறு சில குழந்தைகளுக்குத் தாய்மாரே வழித்துணையாகி, பள்ளி வரை காவல் செல்ல நேர்ந்தது. தாய் காவற்காரி ஆனாள். பிள்ளை நோயாளி ஆனான். கூட்டம் மட்டும் கூட்டமாகவே இருந்தது! அதை அழைத்துக் கேட்டவர் எவர்?

அன்றைய வியன்னா இட்லரின் ஆட்சியில் இருந்தது. வீதியிலே சிறுவர் கூட்டம் செய்ததை, அந்த அரசு கோப்பும் எழுதுகோலும் கொண்டு செய்தது. வேறுபட்டவன் வேண்டாதவன் என்றது. ஸ்பீகல்கிரண்ட் என்ற நிலையத்தில் 1940 முதல் 1945 வரை மாண்ட குழந்தைகள் 789 பேர். குறைந்தது 2 குழந்தைகளை அங்கு அனுப்பப் பரிந்துரைத்தவர் அதே அஸ்பெர்கர் என்பதை, 2018-இல் வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் ஆவணங்களால் மெய்ப்பித்தார். கூட்டத்தின் கொடுமையைக் கண்ணாரக் கண்டெழுதிய கைதான் அதையும் எழுதிற்று!

பார்வை கூட்டத்தின்மீது திரும்பக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1969-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பீட்டர் பால் ஹைன்மன், பலர் சேர்ந்து ஒருவனை வதைப்பதற்கு "மொப்னிங்" என்று பெயரிட்டார். பறவைகள் கூடி ஒன்றைத் தாக்குவதைக் குறித்த சொல் அது. பெயர் பிறந்தது, விளையாட்டு என்ற போர்வை கிழிந்தது.

1982-இன் இறுதியில் நார்வே நாட்டின் வடபகுதியில், 10 முதல் 14 வயதுக்குட்பட்ட 3 சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர் இழைத்த கொடுமையே பெரும்பாலும் காரணம் எனப்பட்டது. நாடு நடுங்கியது. மறு ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கிற்று. டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் அறிஞர் பெர்கன் நகரில் 42 பள்ளிகளில், ஏறத்தாழ 2,500 மாணவரிடையே தம் திட்டத்தைச் சோதித்தார். இடைவேளையில் ஆசிரியர் மேற்பார்வை. வகுப்புதோறும் தெளிவான விதி. கொடுமை செய்தவனோடும் அவன் பெற்றோரோடும் கண்டிப்பான பேச்சு—இவ்வளவுதான். கொடுமை பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தது! மாறியது அடிபட்டவன் அல்ல, பள்ளி.

அமெரிக்கா வேறு வழி சென்றது. 1990-களில், குற்றம் சிறிதாயினும் விலக்கே தண்டனை என்ற கடுநெறி பரவிற்று. வீரம்போல் தோன்றிய அந்த நெறி, அடித்தவன் யார், பொறுக்க மாட்டாமல் திருப்பி அடித்தவன் யார் என்று ஆராயவில்லை. பள்ளிகளைப் பாதுகாப்பாக்க அது உதவவில்லை என்று 2008-இல் அந்நாட்டு உளவியல் கழகத்தின் குழு கூறிற்று. 2013–14 கல்வியாண்டில் குறைபாடுடைய மாணவர் மொத்தத்தில் 12 விழுக்காடு. பள்ளியிலிருந்து இடைநீக்கம் பெற்றோரில் அவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு! 2012-இல் வெளியான ஆய்வொன்று, ஆட்டிசமுள்ள 6 முதல் 15 வயதுக் குழந்தைகளில் 63 விழுக்காட்டினர் கொடுமைக்கு ஆளானதாகப் பெற்றோர் கூறக் கேட்டு எழுதிற்று. வதைபட்ட பிள்ளையைத் தன்னிச்சையாக வேறிடம் மாற்றிவிட்டுச் சிக்கல் தீர்ந்தது என்று பள்ளி சொல்லலாகாது என 2013-இல் அந்நாட்டுக் கல்வித் துறையே எழுத வேண்டியதாயிற்று.

வழிதான் என்ன? 1996-இல் பின்லாந்து அறிஞர் கிறிஸ்டினா சல்மிவாலியும் தோழர்களும் ஓர் உண்மையை விளக்கினர். கொடுமைக் களத்தில் இருவர் மட்டும் இல்லை. துணைக்கரம் நீட்டுவோர் உண்டு, சிரித்து ஊக்குவோர் உண்டு, ஒதுங்கி நிற்போர் உண்டு, தடுப்போரும் உண்டு. அந்த அடிப்படையில் 2006-இல் உருவான கிவா திட்டம், பார்த்து நிற்கும் பிள்ளைகளைப் பயிற்றுகிறது. கனடாவின் டொரண்டோ நகர விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து ஆய்ந்தவர்கள் 2001-இல் கூறியதைக் கேளுங்கள்: மற்றொரு பிள்ளை குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 நொடிக்குள் கொடுமை நின்றது. பத்தே நொடி!

தோழர்களே! கொடியவன் வலிமை அவன் கையில் இல்லை. சுற்றி நிற்போர் சிரிப்பில் இருக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்கினால் அவன் கரம் தாழும். "இவன் ஏன் இப்படி?" என்று வதைபட்டவனைப் பார்த்துக் கேட்ட கேள்வியைப் போதுமான காலம் கேட்டாயிற்று. "நாம் ஏன் இப்படி நின்றோம்?"—பள்ளியும் ஆசிரியரும் உடன் பயிலும் பிள்ளைகளும் தம்மையே கேட்டுக் கொள்ளட்டும். அந்தக் கேள்வி எழும் பள்ளியிலே, எந்தத் தாயும் காவலுக்கு வர வேண்டியதில்லை.