சொல்லும் கணையாழியும்



கைப்பேசி வழியாகப் பணம் அனுப்ப முற்படும்போதெல்லாம், கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்ட பின்னரும், அந்த நேரத்துக்கென்று அனுப்பிய எண் ஒன்றையும் வங்கி என்னிடம் கேட்கிறது. ஒரு சொல் போதாதா என்று சில வேளை சலிப்பு உண்டாகும். அப்போது அனுமனை நினைத்துக்கொள்வேன். சீதை மட்டுமே அறிந்த செய்திகளை இராமன் அவனிடம் சொல்லியனுப்பினான். கணையாழியையும் உடன் கொடுத்தான். முன்பின் அறியாத தூதனை நம்புவதற்குச் சொல்லும் வேண்டும், பொருளும் வேண்டும். இந்த எளிய உண்மையைக் கணிப்பொறி உலகம் என்ன விலை கொடுத்துக் கற்றது என்பதே இன்று நான் சொல்ல வந்த வரலாறு.

1961-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைப் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர் குழுவினரும் செய்து காட்டினர். ஒருவருடைய கோப்புகளை மற்றவர் பாராதிருக்க, ஆளுக்கொரு கடவுச்சொல் ஏற்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், கடவுச்சொற் பட்டியல் முழுவதையும் அந்தக் கணிப்பொறியைக் கொண்டே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! 1966-இல் நேர்ந்த ஒரு பிழையால், உள்ளே நுழைந்தவர் எல்லோருக்கும் அப்பட்டியல் தானாகவே அச்சாகி வந்தது.

பிறகு கடவுச்சொற்களை மறைகுறியாக மாற்றிச் சேமிக்கும் வழக்கம் வந்தது. ஆயினும் குறை தீரவில்லை. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, அவற்றுள் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவை என்று 1979-இல் எழுதினர். மக்கள் மிகச் சிறிய சொற்களையும், அகராதியில் உள்ள சொற்களையுமே தேர்ந்தெடுத்திருந்தனர்.

இதற்கிடையே, மோடம் என்னும் கருவியின் உதவியால், வெளியூரிலிருந்தே தொலைபேசிக் கம்பி வழியாக அலுவலகக் கணிப்பொறியை அணுகும் வசதி பரவியது. மறுமுனையில் பேசுபவரின் முகத்தைக் கணிப்பொறி காணாது. 1983-இல் மில்வாக்கி நகரத்து இளைஞர் சிலர், லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடம் உட்படப் பல இடங்களின் கணிப்பொறிகளுக்குள் நுழைந்தது வெளியாயிற்று. யந்திரத்தைச் செய்தவர்கள் வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லைப் பல இடங்களில் எவரும் மாற்றியிருக்கவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி நிறுவனங்களின் முன் நின்றது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவு செய்த எண்ணுக்குக் கணிப்பொறியே திரும்ப அழைக்கும் முறை ஒன்று. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இது பொருந்தும். ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளருக்குப் பயன்படாது. நிமிடந்தோறும் எண் மாறும் சிறு கருவியை ஊழியரிடம் கொடுப்பது மற்றொரு முறை. அதுவே இக்காலக் கணையாழி. 1991-இல் லிவிங்ஸ்டன் என்ற நிறுவனம் ரேடியஸ் என்னும் ஏற்பாட்டை உருவாக்கியது. வாயில்கள் எத்தனை இருப்பினும், யாருக்கு அனுமதி என்னும் பதிவேடு ஓரிடத்தில் இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை ஒருமுறை அடித்தால், எல்லா வாயில்களும் அவருக்கு மூடப்படும்.

தொலைபேசிக் கம்பியின் இடத்தை இணையம் பிடித்த பின்னரும் பாடம் மாறவில்லை. 2021 மே மாதத்தில், அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய் சில நாட்கள் முடங்கியது. பயனற்றுக் கிடந்த பழைய தொலைஅணுகல் கணக்கு ஒன்றின் வழியே பகைவர் புகுந்தனர். அதற்குக் காவலாக இருந்தது ஒரு கடவுச்சொல் மட்டுமே. அந்நிறுவனம் செலுத்திய பிணைப்பணம் ஏறத்தாழ 44 இலட்சம் டாலர்.

நாளை உங்களில் சிலர் ஒரு நிறுவனத்தின் வாயிலுக்குக் காவல் அமைக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வருபவர் சொல்லோடு பொருளும் கொண்டு வருகிறாரா? பதிவேடு ஓரிடத்தில் இருக்கிறதா? போனவர் பெயர் அதில் அடிக்கப்பட்டதா? இம்மூன்றுக்கும் விடை சரியாக இருந்தால், பூட்டு எதுவாயினும் ஓரளவு நிம்மதியாக உறங்கலாம்.